இரண்டாவது கண்ணு

அத்தியாயம் 11

அந்த மனிதரின் இடது கையில் மூன்று விரல்கள் உடைந்திருந்தன. பல் செட் செய்து பிழைக்கிறவருக்கு விரல்தான் சோறு. அது தெரிந்துதான் இன்ஸ்பெக்டர் விரலாகப் பார்த்து மிதித்திருந்தார். இந்த இன்ஸ்பெக்டரை எனக்கு முதல் அத்தியாயத்திலிருந்தே பிடிக்காது. இப்போது காரணமும் கிடைத்துவிட்டது.

லாக்கப் கம்பிகளுக்கு வெளியே ஊசி நின்றிருந்தாள். ஐம்பது வயது, நாற்பது கிலோ, துப்பறியும் தொழில். கேள்வி கேட்டால் சுருக்கென்று ஏறும் என்பதால் வந்த பெயர். பக்கத்தில் அவளுடைய உதவியாளன் ரேடியோ. அவனுக்கு ஏன் அந்தப் பெயர் என்று யாரும் கேட்டதில்லை, கேட்க அவன் இடைவெளி விட்டதில்லை.

"ஒத்துக்கிட்டாரா?" என்றாள் ஊசி.

"ஒத்துப்பான். அஞ்சு மணிக்கு நீதிபதி முன்னாடி நிறுத்தணும். அதுக்குள்ள ஒத்துப்பான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இன்னும் ஏழு விரல் இருக்கே, ஒத்துக்காம எங்க போயிடப் போறார்" என்றான் ரேடியோ.

உள்ளே இருந்தவரின் மனைவி இன்று விடியற்காலை தீக்காயப் பிரிவில் இறந்துபோயிருந்தார். அவர் தர ஆய்வாளர். அரசுப் பணத்தில் நடக்கும் தொழிற்கல்விக் கல்லூரிகளுக்குப் போய், வகுப்பில் உட்கார்ந்து, பாடம் நிஜமாகவே நடக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுகிற வேலை. மதிப்பெண் சரிந்தால் அந்தக் கல்லூரிக்கு அடுத்த ஆண்டு உதவித்தொகை நிற்கும். நேற்று மதிய இடைவேளையில், ஒரு கல்லூரியின் வெல்டிங் கூடத்துக்குப் பின்னாலிருந்த இரும்பு அறைக்குள் அவர் தனியாகப் போனார். யாரோ வெளியிலிருந்து கதவைச் சாத்தி, அதை இரண்டு இடத்தில் வெல்டிங் வைத்து ஒட்டி, கதவிடுக்கில் பெயிண்ட் தின்னரை ஊற்றிக் கொளுத்திவிட்டார்கள். தீயணைப்பு வீரர்கள் கதவை அறுத்து எடுக்கும்போது உள்ளே சாமான்களோடு அவரும் எரிந்து, உயிர் மட்டும் மிச்சமிருந்தது.

"புருஷன் தினமும் நெருப்பு வச்சு உலோகம் ஒட்டறவன்" என்று விரல் மடக்கினார் இன்ஸ்பெக்டர். "நேத்து பன்னண்டே முக்காலுக்குக் கல்லூரிக்கு வந்திருக்கான். கேட் புத்தகத்துல கையெழுத்து இருக்கு. அவ மறந்துட்டு வந்த கண்ணாடியைக் கொடுக்க வந்தானாம். காலையில பொண்டாட்டி செத்துட்டானு சொன்னேன், கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. எல்லாத்துக்கும் மேல, அவளே சொல்லிட்டுத்தான் போயிருக்கா."

"என்னன்னு?"

"'கண்ணு'ன்னு. ரெண்டு தடவை. தீயணைப்புக்காரர் வாக்குமூலம் இருக்கு. வெளிய இழுக்கும்போது ஒரு தடவை கத்தினாளாம். ஸ்ட்ரெச்சர்ல வைக்கும்போது இன்னொரு தடவை, முனகலா. அப்புறம் நினைவே திரும்பல. வீட்ல புருஷனை அவ கூப்பிடறதே கண்ணுன்னுதான். இவன் தங்கச்சியே சொல்லிட்டா."

அந்தத் தங்கைதான் காலையில் ஊசியின் வாசலில் வந்து நின்று, "எங்கண்ணன் கரப்பான்பூச்சியைக்கூட காகிதத்துல ஏந்தி வெளிய விடும்" என்று விம்மியவள். அண்ணி சவக்கிடங்கில் கிடக்கிறாள். அண்ணன்மேல் கொலைக் குற்றம் பதிவாகிவிட்டால் கடைசியாக முகம் பார்க்கக்கூட விடமாட்டார்கள். அஞ்சு மணி என்பது அந்தக் குடும்பத்துக்கு அவ்வளவு பெரிய மணி.

ஊசி கம்பியருகே குனிந்தாள். "தம்பி, உங்க மேல எதுக்கு அவங்களுக்குக் கோபம்?"

"கோபமா?" அவர் வீங்கிய உதட்டை மெல்ல அசைத்தார். "கோபத்துல யாரும்மா கண்ணுன்னு கூப்பிடுவாங்க? அவ என்னைக் காப்பாத்தச் சொல்லிக் கூப்பிட்டிருக்கா. நான் கண்ணாடியைக் கொடுத்துட்டு உடனே திரும்பிட்டேன். ஒரு பத்து நிமிஷம் அந்த கேட்லயே நின்னிருந்தா..."

அவர் கம்பியில் நெற்றியைச் சாய்த்தார். கண் காய்ந்துதான் கிடந்தது. இன்ஸ்பெக்டர் 'பாத்தீங்களா' என்பதுபோல் புருவத்தைத் தூக்கினார்.

மணி பதினொன்று.

கல்லூரி வாசலில் அவர்களை எதிர்கொண்டவர் ஆய்வுக் குழுவின் தலைவர். இறந்துபோனவரின் மேலதிகாரி. கறையே படாத வெள்ளைச் சட்டை, வலது கையில் புது பேண்டேஜ். நேற்று புகையைப் பார்த்து முதலில் ஓடிவந்தவரும், கொதிக்கும் கதவைக் கையாலேயே பிடித்து இழுத்தவரும் அவர்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். அவருடைய கண்கள் சிவந்து வழிந்துகொண்டே இருந்தன. கைக்குட்டை நனைந்து பிழியும் நிலையில் இருந்தது.

"பொண்ணு மாதிரிம்மா அவ எனக்கு" என்றார். "ராத்திரி முழுக்க இந்தக் கண்ணு நிக்கல."

"இந்தக் கல்லூரிக்கு நீங்க எத்தனாவது தடவை வர்றீங்க?"

"ஆறாவது. அவ புதுசு, இதான் முதல் தடவை."

"ஒரே ஆள் ஆறு தடவை வரலாமா?"

"வேலை பாத்த இடத்தைத்தாம்மா ஆய்வு பண்ணக்கூடாது. அதுக்கு ஒவ்வொரு தடவையும் கையெழுத்துப் போட்டுத் தர்றோம். நான் காகிதத்து ஆளு. இரும்புன்னா எனக்குத் தோசைக்கல்லுதான் தெரியும்."

கல்லூரி முதல்வர் சாவிக்கொத்தோடு பின்னால் வந்தார். அவருக்கும் பின்னால் வெல்டிங் வாத்தியார், முகமெல்லாம் வேர்வையாக. இரண்டு முன்னங்கைகளிலும் குறுக்காகப் பழைய சூட்டுத் தழும்புகள். ரேடியோ ஊசியின் காதைக் கடித்தான்.

"அக்கா, கதவை ஒட்டினது வெல்டிங். இந்தக் கட்டடத்துல வெல்டிங் தெரிஞ்சவர் இவர் ஒருத்தர்தான். கையில முகவரியே எழுதியிருக்கு. சீக்கிரம் முடிச்சா சாப்பிடப் போகலாம்."

"நேத்து மதியம் எங்க இருந்தீங்க?" என்று ஊசி வாத்தியாரைக் கேட்டாள்.

"பசங்களோட சாப்பாட்டுக் கூடத்துல" என்று முதல்வர் பதில் சொன்னார். வாத்தியார் தலையை மட்டும் ஆட்டினார். அவருடைய நாக்கை யாரோ வாடகைக்கு எடுத்திருப்பது தெரிந்தது.

எரிந்த அறை இன்னும் நாறியது. என்ன நாற்றம் என்று நான் எழுதப்போவதில்லை. உள்சுவரில் வரிசையாக இருபது ஆணிகள், ஒவ்வொன்றிலும் உருகி வழிந்த ஒரு வெல்டிங் முகமூடி. மூலையில் வெல்டிங் குச்சிகள் கட்டுக்கட்டாகக் கருகிக் கிடந்தன. ஊசி ஒரு கட்டைத் தூக்கிப் பார்த்தாள், பிறகு அடுத்ததை.

"ரேடியோ, இதுல ஒரு குட்டைக் குச்சி கண்டுபிடி பார்ப்போம்."

அவன் பத்து நிமிடம் கரியில் புரண்டான். "எல்லாம் ஒரே உயரம் அக்கா. வெளியில கூடத்துத் தரையிலயும் ஒரு துண்டு இல்ல. சுத்தத்துல ஆஸ்பத்திரி தோத்துது போங்க."

"எழுதி எழுதித்தானே பென்சில் குட்டையாகும்?" என்றாள் ஊசி. "மூணு வருஷமா இருநூறு பேர் இங்க வெல்டிங் படிச்சதா கணக்கு. குச்சி ஒண்ணுகூடக் கரையல. இங்க நடந்த பாடம் ஏட்டுச் சுரைக்காய். அந்தம்மா இதை எண்ணிப் பாக்கத்தான் உள்ள போயிருக்காங்க."

கதவின் விளிம்பில் அந்த இரண்டு ஒட்டுகளையும் அவள் விரலால் தடவினாள். மேலே ஒன்று, கீழே ஒன்று. அறுத்த இடத்திலும் பாதி ஒட்டு அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது. அதைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

இரண்டு தெரு தள்ளி, இரும்புக் கேட் செய்யும் பட்டறை ஒன்று இருந்தது. ரேடியோ உள்ளே வைத்த முதல் அடியிலேயே செருப்பைக் கிழித்துக்கொண்டு ஒரு குச்சித் துண்டு ஏறியது. தரை முழுக்க விரல் நீளத் துண்டுகள்.

"வெல்டிங் நடக்கற இடம்னா இதான்" என்று ஒற்றைக் காலில் நின்று பாராட்டினான்.

பட்டறைக்காரர் குத்துக்காலிட்டு ஒரு ஜன்னல் கம்பிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். முகமூடியை இறக்கிக்கொண்டு, "கண்ணு!" என்று ஓங்கிக் கத்தினார்.

"இவ்வளவு பாசமா என்னை யாரும் கூப்பிட்டதே..." என்று ரேடியோ நேராக அவரைப் பார்த்தான்.

வெள்ளை வெளிச்சம் பளீரென்று வெட்டியது. ரேடியோ "ஐயோ" என்று கண்ணைப் பொத்திக்கொண்டு ஒரு கதவின்மேல் சாய்ந்தான். ஊசியின் கண்ணிலும் பச்சையும் ஊதாவும் நீந்தின. பட்டறையில் இருந்த மற்ற நால்வர், கேட் விலை பேச வந்திருந்த ஒரு கிழவர் உட்பட, சொல் காதில் விழுந்த கணமே முகத்தைத் திருப்பி நெற்றியில் கையை வைத்திருந்தார்கள்.

"கத்தினேனேம்மா, கேக்கலையா?" என்று பட்டறைக்காரர் எழுந்து வந்தார். "குச்சியைத் தொடறதுக்கு முன்னாடி சத்தம் கொடுத்துருவேன். வெறுங்கண்ணால பாத்தா ராத்திரி மணலை அள்ளிப் போட்ட மாதிரி அறுக்கும். மறுநாள் பூரா கண்ணு சிவந்து கொட்டிக்கிட்டே இருக்கும்."

ஊசி அசையாமல் நின்றாள். "எல்லாப் பட்டறையிலும் இப்படித்தான் கத்துவாங்களா?"

"மத்தவங்க 'மூடு'ம்பாங்க, 'பாத்து'ம்பாங்க. 'கண்ணு' எங்க பழைய தொழிற்பள்ளிப் பழக்கம். இருபத்தஞ்சு வருஷம் முந்தி இங்க ரெண்டு தெரு தள்ளி இருந்துச்சு. இப்ப பேரை மாத்திப் பெரிய கல்லூரியாக்கிட்டாங்க. எங்க வாத்தியார் பொல்லாதவர். கத்தாம குச்சியை வச்சா முட்டியிலேயே போடுவார். பொண்டாட்டி பேரு மறந்தாலும் அது மறக்காது."

அவள் கைபேசியில் இருந்த படத்தைக் காட்டினாள். அவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார், முகம் மாறிப்போனது.

"இது கத்துக்குட்டி வேலை இல்லம்மா. நின்னுக்கிட்டே, அவசரத்துல வச்ச ஒட்டு. ஆனா எவ்வளவு சுத்தம் பாருங்க. எனக்கே இப்படி வராது."

வெளியே வந்ததும் ரேடியோ கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டான். "அக்கா, அப்ப அந்தம்மா புருஷனைச் சொல்லலையா?"

"இரும்புக் கதவுக்குப் பின்னாடி குரல் யாருதுன்னு தெரியாது, சொல்லு மட்டும் தெரியும். அவங்க காதுல விழுந்ததைத்தான் சொல்லியிருக்காங்க. கொலை பண்ண வந்தவன், யாருமே இல்லாத கூடத்துல நின்னு, ஒட்டறதுக்கு முன்னாடி 'கண்ணு'ன்னு கத்தியிருக்கான். கத்தணும்னு கத்தல. கையில குச்சி இருந்தது, வாய் தானா கத்திடுச்சு."

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்றான் ரேடியோ. "அடுத்தவங்க சுடுகாடு."

மணி நாலு. வெல்டிங் கூடத்தில் நேற்று நடந்த வகுப்பு அப்படியே மறுபடி நடக்க வேண்டும் என்று ஊசி கேட்டிருந்தாள். இருபது மாணவர்கள் வரிசையில் நின்றார்கள், முன்னால் வாத்தியார். முதல்வர் ஓரமாக, வெள்ளைச் சட்டைக்காரத் தலைவர் கைக்குட்டையோடு அவர் பக்கத்தில். இன்ஸ்பெக்டர் நிமிடத்துக்கு ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரேடியோ ஒரு கயிற்றோடு வாத்தியாருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். நடு மேசையில் முகமூடி மாட்டிய ஒருவர் குனிந்திருந்தார்.

"தலைவரய்யா, அந்தம்மா விட்டுட்டுப் போன ஆய்வை நீங்கதான் முடிச்சுவைக்கணும்" என்றாள் ஊசி. "ஆரம்பிக்கலாமா?"

முகமூடிக்காரர் குச்சியை உயர்த்தினார்.

"கண்ணு!"

இருபது மாணவர்களும் யாரையோ கொஞ்சுகிறார் என்று வாயைப் பிளந்து அவரையே பார்த்தார்கள். வாத்தியார் அவர்களைவிட அகலமாகக் கண்ணைத் திறந்து பார்த்தார். அந்தக் கூடத்தில் ஒரே ஒரு கழுத்துதான் திரும்பியது. ஒரே ஒரு கைதான், பேண்டேஜ் கட்டிய கை, நெற்றிக்குப் போயிருந்தது.

வெளிச்சம் வரவில்லை. மின்சாரத்தை ஊசி முன்பே நிறுத்தியிருந்தாள்.

"அக்கா, நான் தப்பான ஆள் பின்னாடி நிக்கறேன்" என்றான் ரேடியோ.

வாத்தியார் படீரென்று தரையில் உட்கார்ந்தார். "நான் பேக்கரி ஆளுங்க! இது அடுப்புல தட்டு பட்ட தழும்பு! ஆய்வு வர்ற மூணு நாளைக்கு மட்டும் என்னை வாத்தியாரா நிக்கச் சொல்வாங்க. இந்தப் பசங்க எல்லாம் லாரியில மூட்டை ஏத்தறவங்க!"

தலைவர் கையை இறக்கினார். "என்னம்மா விளையாட்டு இது? தலைவலி, நெத்தியைத் தொட்டேன்."

அப்போது முகமூடிக்காரர் முகமூடியைத் தூக்கினார். பட்டறைக்காரர். வெள்ளைச் சட்டையை ஏற இறங்கப் பார்த்தவர், கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினார். மாட்டிவிட வேண்டும் என்று அல்ல, மரியாதையில்.

"வாத்தியாரே! நீங்களா? எத்தனை வருஷமாச்சு!"

நிஜ மாணவன் ஒருவன் வணக்கம் வைத்ததும் பொய் மாணவர்கள் இருபது பேரும் ஓரடி பின்வாங்கினார்கள்.

"இந்த இடத்துல வேலை பாத்ததில்லைனு ஆறு கையெழுத்து" என்றாள் ஊசி. "சும்மா யாரும் பொய்க் கையெழுத்துப் போடமாட்டாங்க, கல்லூரியில பாதி உங்களோடதுன்னு முதல்வரைக் கேட்டாச் சொல்லிடுவார். வேலியா வச்சா நீங்களே பயிரை மேஞ்சீங்க. அந்தம்மா குச்சிக் கட்டைப் பாத்துட்டு முதல்ல யார்கிட்ட சொன்னாங்க? அவங்க நம்பின ஆள்கிட்டதானே? முகமூடி இருபதும் அவங்களோட உள்ள மாட்டிக்கிச்சு, அதனால வெறுங்கண்ணோட ஒட்டினீங்க. நேத்துலேர்ந்து கண்ணு நிக்கலேன்னீங்களே, அது அழுகை இல்ல. உங்க மாணவர் சொன்ன மணல்."

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதது" என்று ரேடியோ சொல்லி முடிக்கவில்லை.

தலைவர் மேசையிலிருந்து கசடு தட்டும் கூர்ச் சுத்தியலை எடுத்துவிட்டார். முதல் வீச்சு பட்டறைக்காரரின் தோளில் இறங்கியது. எலும்பு முறியும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. இரண்டாவது வீச்சு ஊசியின் தலைக்கு வந்தது. ரேடியோ குறுக்கே கையை நீட்டினான். சுத்தியலின் கூர்முனை முன்னங்கையில் ஒருபக்கம் புகுந்து மறுபக்கம் எட்டிப் பார்த்தது. ரத்தம் வெள்ளைச் சட்டையில் தெறித்தது.

"எண்ணச் சொன்னாங்களா அவளை?" என்று அவர் கத்தினார். "உக்காந்து மார்க் போட்டுட்டுப் போக வேண்டியதுதானே? கதவுக்குப் பின்னாடி எவ்வளவு நேரம் கத்தினா தெரியுமா? அது நிக்கற வரைக்கும் நான் நிக்க வேண்டியதாச்சு!"

சுத்தியல் மூன்றாவது தடவை உயர்ந்தது. நாற்பது கிலோ ஊசி தலைவரின் காலடியில் கிடந்த வெல்டிங் கேபிளை இரண்டு கையாலும் பிடித்து, முழு உடம்போடு பின்னால் சாய்ந்தாள். அவருடைய கால்கள் இரண்டும் வாரிக்கொண்டு போயின. முகம் இரும்பு மேசையின் விளிம்பில் மோதியது. முன்பற்கள் நாலு தரையில் சிதறின. இன்ஸ்பெக்டர் ஓடிவந்து அவர் முதுகில் ஏறி உட்கார்ந்தார். இந்த அத்தியாயத்தில் அவர் செய்த ஒரே உருப்படியான வேலை அது.

ரேடியோ சுவரில் சரிந்து, கையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தான். "பல்லைப் பத்திக் கவலைப்படாதீங்க தலைவர் சார். நல்லா பல் செட் கட்டறவர் ஒருத்தரைத் தெரியும். விரல் ஆறணும், அவ்வளவுதான்."

முதல்வரைக் காணவில்லை. கழிப்பறைக் கதவுக்கு வெளியே இரண்டு கான்ஸ்டபிள்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

மணி நாலு ஐம்பதுக்கு லாக்கப் கதவு திறந்தது. இன்ஸ்பெக்டர் மன்னிப்பு மாதிரி ஏதோ மென்று விழுங்கினார். அது என்னவென்று யாருக்கும் கேட்கவில்லை. தங்கை அண்ணனைத் தாங்கிக்கொண்டாள். ஊசி நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். கதவு, குச்சி, தொழிற்பள்ளி, அந்தச் சொல்.

அவர் கடைசிவரை கேட்டார். விடுதலையான சந்தோஷம் அந்த முகத்தில் எங்கேயும் இல்லை. உடைந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்போ... அவ என்னைக் கூப்பிடலையா?"

ரேடியோ கட்டுப்போட்ட கையோடு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். இந்த மனிதரைக் காப்பாற்றுகிறோம் என்று அவரிடம் மிச்சமிருந்த ஒரே சொல்லையும் பிடுங்கிவிட்டோமே என்று ஊசிக்கு அப்போதுதான் உறைத்தது.

அவள் மேசையிலிருந்து தீயணைப்புக்காரரின் வாக்குமூலத்தை எடுத்தாள். மெதுவாக, இரண்டு தடவை படித்தாள்.

"ரெண்டு தடவை சொல்லியிருக்காங்க தம்பி" என்றாள். "ஒண்ணு கத்தினாங்க, வெளிய இழுக்கும்போது. அது அவனைப் பத்தின சாட்சி. வழக்குக்கு அது ஒண்ணு போதும், அதை நான் எடுத்துக்கிட்டேன். இன்னொண்ணு ஸ்ட்ரெச்சர்ல, மெதுவா. எல்லாம் முடிஞ்சு, காத்துப் பட்ட பிறகு. சாட்சி சொல்றவங்க முனக மாட்டாங்க. அது வழக்குல சேராது."

அவர் நிமிர்ந்தார்.

"அது உங்களோடது."

நேற்று மதியத்திலிருந்து வராதது அப்போது வந்தது. தங்கை நீட்டிய முந்தானையை அவர் வாங்கவில்லை. உடைந்த விரல்களாலேயே முகத்தை மூடிக்கொண்டு, "கண்ணு!" என்று ஸ்டேஷன் சுவர் அதிரக் கத்தினார்.

இன்ஸ்பெக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.